ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது? மலைக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். ரத்தத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. மூன்று வாரமாக மாத்திரையே போடவில்லை என்றார். ஏன் என்று கேட்டதும் மருமகன் அனுப்பிய செய்தியைப் போனில் காட்டினார். சிறுகுறிஞ்சான் இலை சர்க்கரை நோயை ஒழிக்கும், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. “ஆராய்ச்சின்னு போட்டிருக்காங்களே, சிஸ்டர்” என்றார் அந்த அம்மா.

பக்கத்தில் நின்ற புது நர்ஸ், அவர் போன பிறகு என்னிடம், “அக்கா, அது உண்மையா பொய்யா?” என்று கேட்டார். ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இலையைப் பற்றி ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் செய்தி சொன்னதை அவை சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் அந்த அம்மாவுக்கு 400 ஏறியது.

அதிலிருந்து மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ட்யூட்டி முடிந்தபின் நாலைந்து பேர் உட்கார்ந்து ஓர் ஆய்வுக்கட்டுரையைச் சேர்ந்து படிக்கிறோம். மருத்துவம், நர்ஸிங், தாவரவியல் எல்லாம் கலந்து வரும். இந்த மலையில் மூன்றையும் பிரிக்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருவதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில்: செய்தியை விட்டுக் கட்டுரைக்குப் போங்கள்

செய்தியில் பத்திரிகை பெயரோ ஆய்வாளர் பெயரோ எங்காவது இருக்கும். இரண்டுமே இல்லாவிட்டால் அதற்கு மேல் நேரம் செலவழிக்காதீர்கள். இருந்தால், போனில் மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தைத் திறந்து நோயின் பெயர், மருந்து அல்லது செடியின் பெயர், ஆண்டு மூன்றையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். சுருக்கம் இலவசம். சிக்னல் இழுத்துக்கொண்டிருக்கும் இடத்திலும் சீக்கிரம் திறந்துவிடும். முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பதை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டும் வசதியும் அங்கேயே இருக்கிறது. அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் நூலகத்தில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ பற்றிக் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 பத்திரிகைகள் அதன் வழியாகத் திறந்திருக்கின்றன. கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

கட்டுரை கிடைத்ததும் தலைப்பின் மேலே பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அங்கேயே எச்சரிக்கை இருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தவர்கள் வெறும் 12 குழந்தைகள். 2010-இல் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றும் தடுப்பூசி போடப் போகும் ஊர்களில் யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்கிறார். அப்புறம், மெட்ஆர்கைவ் மாதிரித் தளங்களில் வருபவை வேறு நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிடப்படுபவை. படிக்கலாம். ஆனால் அதை வைத்து வார்டில் எதையும் மாற்றக் கூடாது.

அடுத்தது: தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

சிறுகுறிஞ்சானுக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து யாராவது இலை கொண்டுவந்தால் புதியவர்களுக்கு ஒன்றிரண்டை மெல்லக் கொடுப்பேன். கசப்பாக இருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்தால் ஆற்று மணலை வைத்தது போல இருக்கும். இனிப்பு துளிகூடத் தெரியாது. முதல் தடவை எல்லோரும் கண்ணை விரிப்பார்கள். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் ருசி திரும்பிவிடும்.

இது உண்மையான, அழகான தாவர அறிவியல். ஆனால் நடந்தது நாக்கில். ரத்தத்தில் சர்க்கரை குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, மாத்திரையை விடும் அளவுக்கா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். மனிதர்களிடம் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பலம் அவற்றில் எதற்கும் இல்லை.

செல் தட்டில் கண்டது, எலியில் கண்டது, மனிதரில் கண்டது மூன்றும் வேறு வேறு படிகள். கட்டுரையின் ‘முறைகள்’ பகுதியில் இரண்டு வரி படித்தாலே எந்தப் படி என்று தெரிந்துவிடும். எலி ஆய்வைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் குன்னூரிலேயே, பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918-இல் மெக்காரிசன் என்ற மருத்துவர், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னால் பல மாகாணங்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். அந்த ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. எலி ஆய்வு ஒரு கேள்வியைத் திறந்துவிடும். பதில் மனிதரிடம்தான் கிடைக்கும்.

எதோடு ஒப்பிட்டார்கள்?

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் பிடிக்கும் கேள்வி இது. ‘இந்த மருந்து சாப்பிட்ட 100 பேரில் 90 பேருக்குக் குணமானது’ என்றால், சாப்பிடாத 100 பேரில் எத்தனை பேருக்குக் குணமானது என்று உடனே கேட்க வேண்டும். சளி தானாகவே போகும்.

2020-இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து எவ்வளவு பேசப்பட்டது என்று அப்போது வேலையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அது ஆய்வகத்தில் செய்யப்படும் மருந்து. ஆனால் அந்த வகை மருந்துகளின் கதை, நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் நட்ட சின்கோனா மரத்தின் குயினைனிலிருந்து கிளம்பியது. பிரிட்டனில் ரிகவரி என்ற பெரிய ஆய்வில் கொரோனா நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி முடிவு செய்தது. மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27.0%. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 3,155 பேரில் 25.0%. பலன் இல்லை. அதே ஆய்வில்தான் விலை குறைந்த டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4%-லிருந்து 29.3%-ஆகக் குறைத்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதுவும் உதவவில்லை. எந்த மருந்து என்பதோடு யாருக்கு என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

குலுக்கிப் பிரித்ததால் இரண்டு குழுவிலும் வயது, வசதி, நோயின் கடுமை எல்லாம் ஏறத்தாழ சமமாக விழும். அதற்குப் பிறகு வரும் வித்தியாசத்தை மருந்தின் கணக்கில் எழுதலாம்.

எல்லாவற்றையும் குலுக்க முடியாது. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் லான்செட் பத்திரிகையில் வந்த ஆய்வு 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 பேரின் பதிவுகளைப் பார்த்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடியது. 100 பேரில் கூடுதலாக 7 பேர் இறந்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. இருந்த வாய்ப்பின் மேல் 7% கூடியது, அவ்வளவுதான். நர்ஸ் அதிகமுள்ள மருத்துவமனை வேறு பல விதத்திலும் நல்ல மருத்துவமனையாக இருக்கலாம். ஆய்வாளர்கள் முடிந்தவரை அதைக் கணக்கில் கழித்திருக்கிறார்கள். ஆனாலும் குலுக்கல் அளவு உறுதி இதில் வராது. எனக்கு இந்த ஆய்வின் மேல் நம்பிக்கை உண்டு. இரவு ட்யூட்டியில் ஒற்றை ஆளாக ஒரு முழு வார்டைப் பார்த்தவர் எவருக்கும் இருக்கும்.

நூற்றுக்கு எத்தனை?

இதை ஒரு வாளித் தண்ணீரை வைத்துச் சொல்லித்தருவேன். பீட்ரூட்டை வேகவைத்து எடுத்த சிவப்புத் தண்ணீரை 500 மில்லி அளந்து, பிரசவ அறையில் போடும் துணியிலும் பஞ்சிலும் ஊற்றிவிட்டு, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கேட்பேன். 200 என்பார்கள், 250 என்பார்கள். 500 என்று சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. துணி குடித்துவிட்டது கண்ணுக்குத் தெரியாது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கு இது பெரிய காரணம்.

2023-இல் வந்த இ-மோட்டிவ் ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள். தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் டிரேப் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு மீறியதும் கர்ப்பப்பையைத் தடவிக் கொடுப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸமிக் அமிலம், குளுக்கோஸ் பாட்டில் போடுவது போல நரம்பு வழித் திரவம், மேற்பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3%-லிருந்து 1.6% என்று ஆனது.

செய்தித் தலைப்பு ‘60% குறைந்தது’ என்று வரும். அது சரிதான். ஆனால் நோட்டில் நீங்கள் எழுத வேண்டியது: 100 தாய்மாரில் 4.3 பேர் என்பது 1.6 பேரானது, குறைந்தது 2.7. கிட்டத்தட்ட 37 பிரசவத்துக்கு ஒரு தாய் தப்பிக்கிறார். ஒரு சின்ன மருத்துவமனையில் மாதம் 37 பிரசவம் நடந்தால், மாதம் ஒரு தாய். இப்படிப் பார்த்தால்தான் எண் மனசில் இறங்கும்.

இதையே மறுபக்கமும் செய்து பாருங்கள். ஒரு நோய் 10,000 பேரில் 2 பேருக்கு வருவது 1 ஆனால், ‘பாதியாகக் குறைந்தது’ என்றும் எழுதலாம். சதவீதத்தைப் பார்த்ததும் எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

கங்காரு முறையும் எங்களுக்குப் பிடித்த பாடம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஐந்து மருத்துவமனைகளில் ஒன்று இந்தியாவில். குழந்தை நிலைப்படும்வரை காத்திருக்காமல், பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு தோல்படச் சேர்த்த குழுவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12.0%. மற்றக் குழுவில் 15.7%. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஜூலைக் குளிரில் குறைமாதக் குழந்தையைக் கையில் வாங்கியவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். ஆனால் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். முதல் குழுவில் குழந்தைகள் நாளுக்குச் சுமார் 17 மணி நேரம் நெஞ்சில் இருந்தன. அதற்காகத் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே தீவிர சிகிச்சை அறையில் படுக்கை போட்டார்கள். தாயை ஒரு மாடியிலும் குழந்தையை இன்னொரு மாடியிலும் வைத்துக்கொண்டு அந்த 12.0%-ஐ எதிர்பார்க்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது கட்டில். அதை மேலதிகாரியிடம் கேட்கும்போது கையில் இந்தக் கட்டுரை இருக்கட்டும்.

ஆய்வில் யார் இருந்தார்கள்? நம் ஆட்கள் இருந்தார்களா?

இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. ஒரே நோயை வைத்து நிதானமாகச் சொல்கிறேன்.

அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் பற்றி இந்தியாவில் முதலில் எழுதப்பட்ட ஆய்வுகளில் ஒன்று, 1952-இல் நம் நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தைச் சோதித்து வந்தது. கூடலூர், பந்தலூர் பக்கம் வேலைக்குப் போகிற புதியவர்கள் பணியர், குறும்பர், இருளர் பாடிகளில், அதாவது அவர்களின் குடியிருப்புகளில், இந்த நோயைப் பார்ப்பீர்கள். கைகால் எலும்பெல்லாம் நொறுங்குவது போன்ற வலியோடு ஒரு சிறுவன் சத்தம் போடக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்திருப்பான்.

ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை இந்த வலியைக் குறைக்கும் என்பதை நிறுவிய பெரிய ஆய்வு 1995-இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 299 பேர். மாத்திரை பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 2.5 வலித்தாக்குதல், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 4.5. நல்ல ஆய்வு, குலுக்கிப் பிரித்தது. ஆனால் அத்தனை பேரும் பெரியவர்கள், ஆண்டுக்குக் குறைந்தது மூன்று தாக்குதல் வந்தவர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். நம் மக்களிடம் இருப்பது அரபு-இந்திய மரபுவகை. அதில் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மாத்திரை வேலை செய்வதும் பெரும்பாலும் அதே ஹீமோகுளோபினைக் கூட்டித்தான். ஏற்கெனவே கூடுதலாக இருப்பவர்களுக்குப் பலன் இருக்குமா?

இந்தக் கேள்வி வந்ததும் கட்டுரையை மூடிவிடாதீர்கள். பப்மெட்டில் ‘இந்தியா’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி தேடுங்கள். 2012-இல் வந்த மத்திய இந்திய ஆய்வு ஒன்று கிடைக்கும். நோய் கடுமையாக இருந்த 60 குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து, கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார்கள். வலித்தாக்குதல் நன்றாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நம் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் ஆய்வு. எனக்கு 299-ஐ விட இந்த 60 நெருக்கமானது. இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அவ்வப்போது ரத்த அணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும் என்பதும் கட்டுரையிலிருந்துதான் தெரியும். பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்துப் போக ஒரு நாள் கூலி போகும். மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வியோடு இதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

2023 கடைசியில் இன்னொரு செய்தி உலகம் முழுதும் வந்தது. மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. போதுமான காலம் கவனித்துவந்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதம் கடுமையான வலித்தாக்குதலே வரவில்லை. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அதற்கு முன் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யும் கடுமையான கீமோதெரபியும் வேண்டும். யாராவது ஒரு தந்தை அந்தச் செய்தியைக் காட்டிக் கேட்டால், பொய் என்று சொல்லாதீர்கள். உண்மை, ஆனால் இன்னும் நம் கைக்கு வரவில்லை, இப்போதைக்கு நம்மிடம் இந்த மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டருக்கும் இதே கேள்விதான். 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7%, வெள்ளையரில் 3.6%. நம் மக்களை அதில் அளக்கவில்லை. ஆனால் கருத்த விரலில் எண் நன்றாக இருந்து, ஆள் மூச்சு வாங்கினால் நான் ஆளைத்தான் நம்புவேன்.

செடி பற்றிய கட்டுரை என்றால்

மூன்றைத் தேடுங்கள்: லத்தீன் பெயர், செடியின் எந்தப் பாகம், எதில் வடித்தார்கள். தமிழ்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். நல்ல கட்டுரையில், சேகரித்த செடியின் உலர்ந்த மாதிரியை எந்த ஹெர்பேரியத்தில் என்ன எண்ணில் வைத்தார்கள் என்று இருக்கும். நம் பக்கத்துச் செடி என்றால் பெரும்பாலும் கோவையில் தாவரவியல் ஆய்வுத் துறையின் மதராஸ் ஹெர்பேரியமாக இருக்கும். மாதிரி எண் இல்லாத மூலிகைக் கட்டுரையை நான் பாதி மனசோடுதான் படிப்பேன். ஆல்கஹாலில் வடித்த சாறும் வீட்டில் போடும் கஷாயமும் ஒன்றில்லை.

நித்தியகல்யாணியைப் பாருங்கள். வாசலில் பூக்கிற அதே செடி. 1950-களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்தபோது, வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அங்கிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. இலையில் மருந்து மிகமிகக் கொஞ்சம். 2022-இல் நேச்சர் பத்திரிகையில் வந்த ஆய்வில், செடியின் மரபணுக்களை ஈஸ்டில் சேர்த்து, அந்த மருந்துக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களை ஈஸ்டையே செய்ய வைத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் இலையை அரைத்துக் குடிக்கக் கூடாது. வெள்ளணுவைக் குறைக்கும் செடி அது.

ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலமும் அப்படித்தான். நம் மலைச் செடியிலிருந்து வருவது, மூட்டுவலிக்குத் தடவ நல்லது. அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட். 5 மில்லி உள்ளே போனால் 20-க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குப் போகும்போது பாட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இனி உங்கள் நோட்டு

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம். மேலே தலைப்பும் ஆண்டும். கீழே ஐந்து வரி: எதில் செய்தார்கள், எத்தனை பேர், எதோடு ஒப்பீடு, நூற்றுக்கு எத்தனையிலிருந்து எத்தனை, நம் ஆட்கள் இருந்தார்களா. கடைசியில் நாளைக்கு வார்டில் என்ன மாறும் என்று ஒரு வரி. ஒன்றும் மாறாது என்றால் அப்படியே எழுதுங்கள். பெரும்பாலான பக்கங்களில் அதுதான் வரும்.

முதல் வாரத்துக்கு இ-மோட்டிவ் எடுத்துக்கொள்ளுங்கள், எண்கள் தெளிவாக இருக்கின்றன. இரண்டாவதாகக் கங்காரு. சிறுகுறிஞ்சானை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம், இலை கிடைத்தால். அந்த எஸ்டேட் அம்மா இப்போது மாதா மாதம் வருகிறார். மாத்திரை அட்டையைக் காலி செய்து காட்டுகிறார். போனில் புதிதாக ஏதாவது வந்திருந்தால் அதையும் எடுத்து நீட்டி, “இதைப் பார்த்துச் சொல்லு சிஸ்டர், அப்புறம்தான் சாப்பிடுவேன்” என்கிறார். போன வாரம் அவர் காட்டியதைத்தான் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.